பிரதிநிதித்துவத்தின் முடிவு: அமெரிக்க வரி நிர்வாகத்தில் முகவரது தத்துவமும் அதன் நீக்கமும்

ஒருவருக்காக இன்னொருவர் பேசுதல் மனித சமூகத்தின் மிகப் பழைய செயற்பாடுகளுள் ஒன்றாகும். அகப்பாடல்களின் தோழியும் பாணனும் இச்செயற்பாட்டின் இலக்கிய வடிவங்களே. திருக்குறளின் 69ஆம் அதிகாரம் தூதினைப் பற்றியது. அதற்கு உரைகண்ட பரிமேலழகர், செய்தியைத் தானே வகுத்துரைப்பவன், சொல்லப்பட்டதை மாத்திரம் சொல்பவன் எனத் தூதரை இருவகைப்படுத்துவார். இவ்வேறுபாடு அரசியல் நுட்பமுடையது. முன்னவனிடம் அரசனது சொல்லை ஆக்கும் ஆற்றலே கையளிக்கப்படுகிறது. பின்னவனிடம் ஆக்கப்பட்ட சொல் மட்டுமே கொடுத்தனுப்பப்படுகிறது. ஆயின், இவ்விருவகைத் தூதும் எப்போது முடிவடைகின்றது என்னும் வினா எமது இலக்கிய மரபில் ஒரு சிக்கலாக எழுந்ததில்லை. செய்தி சேர்ந்ததும் தூதன் மீள்வான்; தூது முடியும்.

நவீன அரசின் பணிமனைகளில் நிலைமை வேறு. அங்கே பேசும் உரிமை ஒரு பத்திரத்திற் பொறிக்கப்பட்டு, ஓர் இலக்கத்தின் கீழ்ப் பதிவாகி, உறவு முறிந்த பின்னரும் உயிர்வாழ்கிறது. உரிமையைக் கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரையொருவர் மறந்துவிடினும் கோவை அவர்களை மறப்பதில்லை. இந்நிலைமையினை அதன் கூர்மையான வடிவிற் காணக்கூடிய ஒரு துறையினை இக்கட்டுரையில் நோக்குவோம். ஐக்கிய அமெரிக்காவின் உள்நாட்டு இறைவரிச் சேவையின் முன் வரியிறுப்பாளர் ஒருவரின் சார்பில் தோன்றும் தொழில்சார் முகவர், அக்கட்சிக்காரருடன் கொண்டிருந்த தொடர்பு அற்றபின் தமது தத்துவத்தினை எவ்வாறு முடிவுறுத்துகிறார் என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். வறண்ட பொருளாக இது தோன்றக்கூடும். எனினும், ‘யார் யாருக்காகப் பேசுகிறார்?’ என்னும் வினாவினை இலக்கிய விமர்சனத்தின் மைய வினாக்களுள் ஒன்றாகக் கொள்ளும் எவருக்கும் இது அந்நியமான பொருளன்று.

1. தத்துவத்தின் வரலாறு

பிரதிநிதித்துவம் என்பதனைக் குறிக்க ஜேர்மன் மொழியில் இரு சொற்கள் உள. ஒன்று ஒருவருக்குப் பதிலாக நின்று செயற்படுதலைக் குறிக்கும். மற்றையது ஒன்றினைச் சித்திரித்துக் காட்டுதலைக் குறிக்கும். லூயி பொனபார்ட்டின் ஆட்சிக் கவிழ்ப்புப் பற்றி 1852இல் எழுதிய மார்க்ஸ், சிறு நிலவுடைமை விவசாயிகளது அரசியல் நிலையினை ஆராயுமிடத்து முதற் பொருளையே கையாண்டார். இவ்விரு பொருள்களும் ஒன்றோடொன்று மயங்குவதால் விளையும் கருத்தியற் குழப்பத்தினைக் காயத்ரி ஸ்பிவாக் 1988இல் வெளிவந்த தமது நன்கறியப்பட்ட கட்டுரையிற் சுட்டிக்காட்டினார். ஆங்கிலச் சொல்லின் வரலாற்றினை ரேமண்ட் வில்லியம்ஸ் 1976இல் வெளியிட்ட கலைச்சொல் ஆய்வு நூலில் ஆராய்ந்தார். இவர்கள் யாவரும் வர்க்கங்களையும் மக்கட் கூட்டங்களையும் பற்றிப் பேசினர். நாம் இங்கு நோக்குவது ஒரு தனிமனிதனும் அவனது முகவரும் அரசும் சந்திக்கும் சிறிய களத்தினையாகும். சிறிய களமாயினும் அதன் பின்புலம் பெரியது.

1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரிற் குதிரைகளையும் பிற உடைமைகளையும் இழந்தோர், போர் முடிந்தபின் இழப்பீடு கோரித் திறைசேரியினை நாடினர். அவர்களுக்காகக் கோரிக்கை முகவர் என்ற ஒரு கூட்டம் தோன்றியது. மிகைப்படுத்திய கோரிக்கைகளும் மோசடிகளும் பெருகின. இதன் விளைவாக 1884 யூலை 7ஆந் திகதி இயற்றப்பட்ட சட்டம், திறைசேரியின் முன் பிறருக்காகத் தோன்றும் முகவர்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தினைத் திறைசேரிச் செயலாளருக்கு வழங்கியது. நன்னடத்தையும் வேண்டிய தகைமையும் அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்டன. குதிரை இழந்தவனுக்காகப் பேசியவனைக் கட்டுப்படுத்த எழுந்த அச்சட்டமே இன்றைய வரி முகவரின் சட்டவழி மூதாதையாகும்.

1913இல் அமெரிக்க அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் கூட்டாட்சி அரசுக்கு வருமான வரி விதிக்கும் அதிகாரத்தை உறுதிப்படுத்தியது. திறைசேரியின் முன் தொழில்புரிவோருக்கான விதிகளைத் தொகுத்துக் கூறும் 230ஆம் இலக்கச் சுற்றறிக்கை 1921இல் வெளியாயிற்று. திருத்தங்களுடன் அது இன்றும் நடைமுறையில் உள்ளது. தொடக்கத்தில் வருமான வரி செல்வந்தரின் விவகாரமாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போரின் செலவினை ஈடுசெய்ய 1942இல் இயற்றப்பட்ட சட்டம் வரி வலையினை உழைப்பாளர் மீதும் விரித்தது. 1943இல் ஊதியத்திலிருந்தே வரியினைப் பிடித்துவைக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. ஒரு சிறு வர்க்கத்தின் வரியாக இருந்தது வெகுசனங்களின் வரியாக மாறிய இக்கட்டம் எமது பொருளுக்கு முதன்மையானது. ஏனெனில் அதன் பின்னரே சட்டமொழி அறியாத கோடிக்கணக்கானோர் வரியிறுப்பாளராயினர். வரியின் மொழியோ அவர்கள் பேசும் மொழியாக அமையவில்லை. தம் மொழியில் அரசுடன் பேச இயலாதவர் பிறர் நாவினை இரவல் பெற வேண்டியவராகிறார். முகவரது தொழில் இவ்விடைவெளியிலேயே வேரூன்றியுள்ளது.

2. பத்திரங்களும் அவற்றின் தரவேறுபாடும்

உள்நாட்டு இறைவரிச் சேவையின் முன் பிறருக்காகத் தோன்றுவதற்கு முழு உரிமை உடையோர் சட்டத்தரணிகள், சான்றுபெற்ற பொதுக் கணக்காளர், பதிவுபெற்ற முகவர் ஆகிய மூவகையினரே. குடும்ப உறுப்பினர் போன்ற வேறு சிலருக்கும் வரையறுத்த உரிமைகள் உள. இவர்களுக்குத் தத்துவத்தினை வழங்கும் பத்திரம் 2848ஆம் இலக்கப் படிவமாகும். வரியின் வகை, அதற்குரிய படிவம், ஆண்டு அல்லது காலப்பகுதி என்பன அதில் ஒவ்வொன்றாகக் குறிக்கப்பட வேண்டும். எதிர்காலக் காலப்பகுதிகளையும் ஓரெல்லை வரை குறிக்கலாம்; படிவம் கிடைக்கப்பெற்ற ஆண்டின் திசெம்பர் 31இலிருந்து மூன்றாண்டுகளுக்கு அப்பால் முடிவுறும் காலப்பகுதிகளை அது தழுவாது. இப்படிவத்தைப் பெற்ற முகவர் இரகசியத் தகவல்களைப் பார்வையிடலாம், வாதிடலாம், உடன்படிக்கைகளிலும் இணக்கப் பத்திரங்களிலும் கட்சிக்காரரின் பெயரிற் கையொப்பமிடலாம். எடுத்துக்காட்டாக, வரியினை விதிப்பதற்கு அரசுக்குப் பொதுவாக உள்ள மூன்றாண்டுக் கால எல்லையினை நீடிக்கும் இணக்கத்தினையும் அவர் வழங்கலாம். கட்சிக்காரருக்குரிய மீளளிப்புக் காசோலையினை மாற்றிப் பணமாக்கும் உரிமை அவருக்கில்லை.

8821ஆம் இலக்கப் படிவம் தரத்திற் குறைந்தது. அதன்படி நியமிக்கப்பட்டவர் தகவலைப் பெறலாம், பார்வையிடலாம்; ஆனால் வாதிடவோ கையொப்பமிடவோ இயலாது. மூன்றாவதாக, வருமான அறிக்கையிலேயே மூன்றாம் தரப்பினர் ஒருவரைக் குறிப்பிடும் வசதியும் உண்டு. அவ்வறிக்கை தொடர்பான வினாக்களுக்கு அவர் விடையளிக்கலாம். அடுத்த ஆண்டின் அறிக்கையினைச் சமர்ப்பிப்பதற்குரிய இறுதி நாளுடன் அவ்வுரிமை தானாகவே முடிவடையும். மூன்றனுள்ளும் மிகச் சிறிய உரிமையே தன் முடிவினையும் தன்னுள் எழுதிக்கொண்டு பிறக்கின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

பரிமேலழகர் காட்டிய வேறுபாடு இங்கு வேறோர் உருவில் மீளத் தோன்றுவதை வாசகர் உணர்வர். 2014 பெப்ரவரி 11ஆந் திகதி கொலம்பியா மாவட்டக் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் லவிங் வழக்கில் வழங்கிய தீர்ப்பும் இவ்வேறுபாட்டினைச் சார்ந்ததே. பணம் பெற்று வருமான அறிக்கைகளைத் தயாரிப்போர் அனைவரையும் தகைமைத் தேர்வுக்கும் தொடர்கல்விக்கும் உட்படுத்த உள்நாட்டு இறைவரிச் சேவை முற்பட்டபோது, 1884ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடந்தருமா என்பது வினாவாயிற்று. அறிக்கையினைத் தயாரித்துக் கொடுப்பவர் வரியிறுப்பாளருக்கு உதவுகிறாரேயன்றி அவருக்குப் பதிலாக நின்று அவரைச் சட்டத்தாற் பிணிக்கும் ஆற்றல் உடையவரல்லர்; ஆகவே அவர் ‘பிரதிநிதி’ ஆகார் என நீதிமன்றம் கருதியது. ஒரு சொல்லின் பொருளெல்லை ஒரு பெருந்தொழிற் பிரிவினரின் மீதான அரசின் கண்காணிப்பினைத் தீர்மானித்தது. சொல்லாராய்ச்சி ஏட்டோடு நின்றுவிடும் கலை எனக் கருதுவோருக்கு இவ்வழக்கு ஒரு மறுப்பாகும்.

3. ஒப்பந்தமும் தத்துவமும்

எமது ஆய்வின் மையத்திற்கு வருவோம். கட்சிக்காரருக்கும் முகவருக்கும் இடையில் இரு வேறு உறவுகள் உள. ஒன்று, ஊதியத்திற்குச் சேவை வழங்கும் ஒப்பந்தம். இது சந்தையின் உறவு. மற்றையது, அரசின் முன் செயற்படும் தத்துவம். இது அரசினை நோக்கிய உறவு. முதலாவது இருவருக்குள்ளேயே பிறந்து இருவருக்குள்ளேயே முடிவடையக்கூடியது. கட்டணத் தகராறு எழலாம். கட்சிக்காரர் வேறொரு முகவரை நாடலாம். முகவர் ஓய்வு பெறலாம். அல்லது எவ்விதச் சொல்லுமின்றித் தொடர்பு தேய்ந்து போகலாம். இரண்டாவதோ மூன்றாம் தரப்பாகிய அரசின் கோவையிற் பதிவானது. முதலாவது முடிந்ததென்பதனால் இரண்டாவது முடிவதில்லை. அரசுக்கு அறிவிக்கப்படும் வரை முகவர் முகவரே.

சட்ட வடிவத்தினைப் பண்டப் பரிவர்த்தனையின் வடிவத்தோடு இயைபுபடுத்தி விளக்கிய சோவியத் சட்ட அறிஞர் பஷுகானிஸ், 1924இல் வெளியிட்ட நூலிற் சட்டத்தின் மனிதன் என்பவன் சந்தையிற் பண்டமுடைமையாளனாக நிற்பவனின் நிழலே எனும் கருத்துப்பட வாதித்தார். நாம் நோக்கும் களத்தில் அவ்விளக்கம் பாதி வழி வரையே எம்மை இட்டுச்செல்கின்றது எனலாம். சேவை ஒப்பந்தம் அவர் விளக்கிய வடிவத்துக்கு உரியதே. ஆனால் தத்துவம் பண்டம்போற் கைமாறிச் செல்வதில்லை; அது பணியாட்சியின் நினைவில் தங்கிவிடுகிறது. சந்தை மறக்கும் வேகமும் கோவை மறக்கும் வேகமும் வேறானவை. இவ்விரு வேகங்களுக்கிடையிலான இடைவெளியிலேயே கட்சிக்காரரின் நலன் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இம்முரண்பாட்டினை இன்னுமொரு விதி கூர்மைப்படுத்துகின்றது. 2848ஆம் இலக்கப் படிவத்தில் தனிமனிதரையே முகவராகக் குறிக்கலாம். நிறுவனத்தைக் குறிக்க இயலாது. 8821ஆம் இலக்கப் படிவம் நிறுவனத்தையும் ஏற்கும். ஆக, பெரிய கணக்காய்வு நிறுவனமொன்றில் ஊழியராகப் பணிபுரியும் ஒருவரது நிலையினை நோக்குக. கட்சிக்காரருடனான ஒப்பந்தம் நிறுவனத்துக்கு உரியது. கட்டணம் நிறுவனத்தைச் சேர்வது. தத்துவமோ ஊழியரின் பெயரில் உள்ளது. அவர் வேலையை விட்டு நீங்கும்போது ஒப்பந்தம் நிறுவனத்தோடு நின்றுவிட, தத்துவம் அவரோடு செல்கின்றது. தம் உழைப்பின் பயனிலிருந்து பிரிக்கப்பட்ட ஊழியர், அதன் பொறுப்பிலிருந்து மட்டும் பிரிக்கப்படாதிருக்கிறார். இலாபம் கூட்டாகவும் பொறுப்புத் தனியாகவும் பகிரப்படும் இவ்வமைப்பு முதலாளித்துவ நிறுவனங்களின் பொதுவியல்புக்கு ஒரு சிறு எடுத்துக்காட்டு.

4. முடிவுறுத்தும் முறைகள்

தத்துவம் முடிவுறும் வழிகள் பல. முதலாவது, அதனை வழங்கிய வரியிறுப்பாளரே அதனை இரத்துச் செய்தல். இரண்டாவது, முகவர் தாமாக விலகுதல். மூன்றாவது, புதிய பத்திரமொன்று பழையதனை விலக்குதல். நான்காவது, வழங்கியவரின் இறப்பு அல்லது ஆற்றலிழப்பு.

இரத்தும் விலகலும் நடைமுறையில் ஒரே அமைப்பினை உடையன. முன்னர் ஒப்பமிடப்பட்ட படிவத்தின் பிரதியொன்றினை எடுத்து, அதன் முதற் பக்கத்தின் மேற்பகுதிக்குக் குறுக்கே ஒரு சொல் எழுதப்பட வேண்டும். வரியிறுப்பாளர் எழுதுவதாயின் இரத்தினைக் குறிக்கும் ‘றிவோக்’ என்னும் சொல். முகவர் எழுதுவதாயின் விலகலைக் குறிக்கும் ‘வித்றோ’ என்னும் சொல். அதன் கீழே அன்றைய திகதியுடன் புதிய கையொப்பம் இடப்பட வேண்டும். பழைய கையொப்பம் போதாது. பின்னர் அப்பிரதி தபால் மூலமோ தொலைநகல் மூலமோ அனுப்பப்படும். முகவர்களது தத்துவங்களைப் பதிவுசெய்யும் மத்தியக் கோவையின் பிரிவுகள் மெம்பிஸ், ஒக்டன், பிலடெல்பியா ஆகிய நகரங்களில் உள. வரியிறுப்பாளரின் வதிவிடத்தைப் பொறுத்து உரிய பிரிவு அமையும். வெளிநாட்டில் வாழ்வோருக்குப் பிலடெல்பியா. மத்தியக் கோவையிற் பதியப்படாத தனி விவகாரமொன்றுக்கான தத்துவமாயின் அவ்விவகாரத்தைக் கையாளும் பணிமனைக்கே அனுப்ப வேண்டும்.

பழைய படிவத்தின் பிரதி கைவசம் இல்லாதவிடத்துக் கடிதம் போதுமானது. விலகும் முகவர், தாம் விலகுவதாகக் கூறி, வரியிறுப்பாளரின் பெயர், வரி இலக்கம், தெரிந்திருப்பின் முகவரி, தாம் விலகும் விவகாரங்கள், ஆண்டுகள் ஆகியவற்றைக் குறித்துக் கையொப்பமும் திகதியும் இடுவார். எல்லா விவகாரங்களினின்றும் விலகுவதாயின், ஆண்டுகளைத் தனித்தனியே பட்டியலிடாது எல்லா ஆண்டுகளையும் காலப்பகுதிகளையும் நீக்குமாறு கேட்டல் போதும். இக்கடிதத்துக்குக் கட்சிக்காரரின் கையொப்பம் தேவையில்லை என்பது குறிப்பிடத்தக்கது. காணாமற்போன கட்சிக்காரர் ஒருவரைத் தேடிப்பிடித்து ஒப்புதல் பெற வேண்டிய கட்டாயம் முகவருக்கு இல்லை. இன்று, உள்நாட்டு இறைவரிச் சேவை வரித் தொழிலாளருக்கென 2021இல் ஏற்படுத்திய இணையவழிக் கணக்கின் ஊடாகவும் தத்துவங்களைப் பார்வையிட்டு விலகிக்கொள்ளலாம்.

பத்திரத்தைக் கிழித்தெறிவது இம்முறையில் இடம்பெறுவதில்லை என்பதனை இலக்கிய மாணவர் கவனிப்பர். பழைய வாசகம் முழுமையாக இருக்க, அதன் மேற் குறுக்கே எழுதப்பட்ட ஒரு சொல் அதன் எதிர்காலத்தை மட்டும் அறுக்கிறது. கடந்த காலத்தில் அத்தத்துவத்தின் கீழ் ஆற்றப்பட்ட செயல்கள் செயல்களாகவே நிலைக்கும். முகவர் நேற்று வழங்கிய இணக்கத்தினை இன்றைய விலகல் அழிப்பதில்லை. 

மூன்றாவது வழியாகிய தானியங்கு நீக்கம் பல தவறான எண்ணங்களுக்கு இடமாயுள்ளது. அதே விவகாரத்துக்கும் அதே காலப்பகுதிக்கும் புதிய 2848ஆம் இலக்கப் படிவம் பதிவாகும்போது, பழையது தொடர வேண்டுமெனக் குறிப்பிட்டு அதன் பிரதி இணைக்கப்பட்டாலன்றி, பழையது நீங்கிவிடும். ஆனால் வேறு ஆண்டுகளைத் தழுவிய பழைய தத்துவம் தீண்டப்படாது நிற்கும். மேலும், 2848ஆம் இலக்கப் படிவம் 8821ஆம் இலக்கப் படிவத்தினை நீக்குவதில்லை. ஆகவே புதிய முகவரை நியமித்த ஒருவர், பழையவர் முற்றாக விலக்கப்பட்டுவிட்டார் என நம்பியிருக்க, பழையவர் முன்னைய ஆண்டுகளுக்குப் பிரதிநிதியாகவோ தகவல் பெறுபவராகவோ தொடர்ந்திருக்கக்கூடும். கூட்டறிக்கை சமர்ப்பித்த கணவனும் மனைவியும் தனித்தனியே படிவம் வழங்க வேண்டியிருப்பதால், ஒருவரின் இரத்து மற்றவரின் தத்துவத்தினை நீக்காது. மணமுறிவின் பின்னர் இதன் முக்கியத்துவம் சொல்லாமலே விளங்கும்.

நான்காவது வழியில், ஆற்றலிழப்பு நேர்ந்தாலும் நீடிக்குமெனத் தெளிவாகக் கூறும் வேறு பத்திரம் இல்லாதவிடத்து, வழங்கியவர் தம் விவகாரங்களை ஆற்றும் திறனை இழக்கும்போது தத்துவமும் பொதுவாக முடிவுறும். ஒருவருக்குப் பிரதிநிதி மிகவும் வேண்டப்படும் அதே வேளையிற் பிரதிநிதித்துவம் மறைந்துவிடுவது இவ்விதியின் முரண்நிலையாகும்.

5. முடிவுறாத தத்துவத்தின் விளைவுகள்

முடிந்த உறவொன்றின் முடியாத தத்துவத்தினால் வரும் கேடு யாது? அரசின் மூல அறிவித்தல் வரியிறுப்பாளருக்கே அனுப்பப்படும். படிவத்திற் கேட்டிருப்பின் அதன் பிரதி முகவருக்கும் செல்லும். முகவர் பார்த்துக்கொள்வார் என்னும் நம்பிக்கையிற் கடிதத்தைப் பிரிக்காது வைத்திருப்பது கட்சிக்காரருள் பலரது இயல்பு. முன்னாள் முகவரோ அவர் இப்பொழுது எமது கட்சிக்காரர் அல்லர் என்று பிரதியினை ஒதுக்கிவைப்பார். இருவரிடமும் கடிதம் உண்டு. பொறுப்பு எவரிடமும் இல்லை. பற்றாக்குறை வரி பற்றிய சட்ட அறிவித்தல் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 90 நாள்களுக்குள் வரி நீதிமன்றத்திற்கு மனுச் செய்தல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவுக்கு வெளியே உள்ளவருக்கு அனுப்பப்படுமாயின் 150 நாள்கள். இக்கால எல்லையினைத் தவறவிட்டவர், பொதுவாக வரியினை முதலிற் செலுத்தி, பின்னர் மீளளிப்புக் கோரி வழக்காட வேண்டியவராவர். செலுத்த வசதியுள்ளவனுக்கு அது இன்னொரு வழி. வசதியற்றவனுக்கு அடைபட்ட கதவு.

இதன் மறுபக்கமும் உண்டு. 1998இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, வரியிறுப்பாளருக்குப் பிரதிநிதி உண்டென அறிந்திருக்கும் வரி அறவீட்டு அலுவலர், குறித்த விதிவிலக்குகள் தவிர்ந்த ஏனைய வேளைகளில், அவருடன் நேரடியாகத் தொடர்பு கொள்ளலாகாது. மக்களை அதிகாரிகளின் தொல்லையினின்று காக்க எழுந்த நல்ல விதி இது. ஆனால் பெயரளவிற் பிரதிநிதியாக உள்ளவர் செயலில் விலகிவிட்டபோது, இப்பாதுகாப்பே தடையாகலாம். அலுவலர் பேசுவதோ பதில் தராத ஒருவருடன். பதில் தர வேண்டியவர் அறியாமலே இருக்கிறார்.

தகவலின் பாதுகாப்பும் இங்கு தொடர்புறுகிறது. வோட்டர்கேற் விவகாரத்தின் பின்னர் 1976இல் நிகழ்ந்த வரிச் சீர்திருத்தம் வரி அறிக்கைகளின் இரகசியத்தை வலுப்படுத்தியது. பழைய தத்துவம் ஒவ்வொன்றும் அவ்விரகசியத்திற் சட்டபூர்வமான ஒரு துளையாகும். முகவருக்கு வழங்கப்படும் ஒன்பது இலக்கக் கோவை எண் களவாடப்படின், அதன் கீழ்ப் பதிவாகியுள்ள பழைய கட்சிக்காரரது தகவல்களும் ஆபத்துக்குள்ளாகும். தமது பெயரில் யாருடைய தத்துவங்கள் இன்னும் பதிவிலுள்ளன என்பதை அறிய விரும்பும் முகவர், 1966இல் இயற்றப்பட்ட தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் அப்பட்டியலைக் கோரிப் பெறலாம். ஆண்டுதோறும் அப்பட்டியலைப் பார்த்து முடிந்த உறவுகளைக் களைவது தொழில் ஒழுக்கத்தின் பாற்படும்.

விலகல் கடமைகள் அனைத்தையும் முடித்துவைப்பதில்லை என்பதும் மனங்கொள்ளற்பாலது. கட்சிக்காரர் தமது வரிக் கடமைகளை நிறைவேற்றுவதற்கு வேண்டிய ஆவணங்களைக் கேட்டால் முகவர் தாமதமின்றித் திருப்பிக் கொடுக்க வேண்டுமென 230ஆம் இலக்கச் சுற்றறிக்கை விதிக்கிறது. கட்டணத் தகராறு பொதுவாக இதற்குச் சாட்டாகாது. மாநிலச் சட்டம் ஆவணங்களைப் பிடித்துவைக்க இடமளிப்பினும், அறிக்கையுடன் இணைக்கப்பட வேண்டியவற்றைக் கொடுத்தேயாக வேண்டும். ஏனையவற்றைப் பார்வையிடவும் பிரதி எடுக்கவும் வசதியளிக்க வேண்டும். பணிக்காலத்திற் கட்சிக்காரரின் அறிக்கையிற் பிழையையோ விடுபாட்டையோ முகவர் அறிந்திருப்பின், அதனையும் அதன் விளைவுகளையும் அவருக்கு உடன் எடுத்துரைத்தல் கடமை. வரி நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் உள்ளதாயின், கோவைப் பிரிவுக்கு அனுப்பும் கடிதம் அங்கே செல்லாது. நீதிமன்றத்தின் விதிகளின்படி அறிவித்தல் கொடுத்தோ அனுமதி பெற்றோ விலக வேண்டும்.

எனவே முறையான விலகல் என்பது இரு கடிதங்களை வேண்டிநிற்பது. ஒன்று அரசுக்கு; அதன் வடிவத்தைப் படிவமே விதிக்கிறது. மற்றையது கட்சிக்காரருக்கு, எந்நாளிலிருந்து தாம் அவருக்காகப் பேசுவதில்லை, எந்த அறிவித்தலுக்கு எந்நாளுக்குள் விடையளிக்க வேண்டியுள்ளது, அவரது ஆவணங்கள் எங்கே உள்ளன என்பவற்றை அவருக்கு விளங்கும் மொழியிற் கூறுவது. முதற் கடிதம் முகவரைக் காக்கும். இரண்டாவதே கட்சிக்காரரைக் காக்கும்.

6. முடிவுரை

எமது சட்டமொழியில் இப்பத்திரத்துக்கு வழங்கும் பெயர் அற்றோணித் தத்துவம் என்பதாகும். இலங்கையில் இதனை ஒழுங்குபடுத்தும் கட்டளைச்சட்டம் 1902ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கத்தது. ‘தத்துவம்’ என்ற சொல்லினைத் தமிழ் வாசகர் மெய்யியலோடு தொடர்புபடுத்தியே பொதுவாக அறிவர். எமது சட்டத்தமிழோ அதனை அதிகாரம் என்னும் பொருளிற் கையாளுகின்றது. புலம்பெயர்ந்தோர் தம் காணி வீடுகளைப் பராமரிக்க உறவினருக்கு அற்றோணித் தத்துவம் வழங்குவது எம்மிடையே சாதாரண நிகழ்ச்சியாகிவிட்டது. அதனை இரத்துச் செய்யும் அறிவித்தல்கள் பத்திரிகைகளில் வெளிவருவதையும் நாம் காண்கிறோம். அமெரிக்க வரிச் சட்டமும் எமது காணிச் சட்டமும் வேறாயினும், கொடுத்த அதிகாரம் தானாகத் திரும்புவதில்லை என்னும் உண்மை இரண்டுக்கும் பொதுவானது.

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறக்கூடிய முடிவு யாது? பிறருக்காகப் பேசும் உரிமை நம்பிக்கையிற் பிறப்பதாகக் கூறப்படினும், நவீன அரசில் அது பத்திரத்தில் வாழ்கிறது. நம்பிக்கை அற்றபின் பத்திரம் தனித்து வாழும்போது பாதிக்கப்படுபவர் பெரும்பாலும் பத்திரத்தின் மொழியை வாசிக்க இயலாதவரே. பெருநிறுவனமொன்றுக்கு அதன் தத்துவங்களைக் கண்காணிக்கச் சம்பளம் பெறும் அலுவலர் உளர். மூன்று தொழில்கள் செய்து வருமான அறிக்கையினை அயலிலுள்ள ஒருவரிடம் ஒப்படைக்கும் தொழிலாளிக்கு அவ்வாறு எவருமிலர். ஆகவே விலகலினை எளிய நடைமுறைச் சடங்காகக் கருதும் மனப்பாங்கு, பேச முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வினை மறைக்கின்றது.

இதற்குரிய தீர்வு முகவரின் நல்லொழுக்கத்தில் மட்டும் தங்கியதன்று. மூன்றாம் தரப்பினரைக் குறிக்கும் சிறிய உரிமைக்கு இறுதி நாள் வகுத்த அரசு, பெரிய உரிமைகளுக்கும் அதனைத் தெளிவாக வகுத்து, அந்நாள் நெருங்குவதை வரியிறுப்பாளருக்கு அவர் அறிந்த மொழியில் அறிவிப்பது கடினமன்று. அதற்கும் அப்பால், தம் வரியைத் தாமே விளங்கிக்கொள்ளக்கூடிய மொழியிற் சட்டம் எழுதப்படுதல் வேண்டும். இரவல் நாவின் தேவை குறையும் அளவுக்கு, அந்த இரவலைத் திரும்பப் பெறும் சிக்கலும் குறையும். அதுவரை, தமக்காகப் பேசுபவர் யார் என்று வினவும் ஒவ்வொருவரும், தமக்காகப் பேசுவதை நிறுத்தியவர் யார், அந்நிறுத்தம் எங்கே பதிவாகியுள்ளது என்பதையும் சேர்த்தே வினவுதல் வேண்டும்.